தக்சனின் பக்கம்

ஒஸ்லோ
9 பெப்ரவரி 2025

அன்புள்ள மகள் இந்துஜாவுக்கு,

மாமா எழுதுகிறேன். நானும் மாமியும் சுகம். மாமியின் வலது முழங்கால்தான் இந்தக் குளிருக்கு மடங்க மறுக்கிறது. துரொண்ட்ஹெய்மில் பனி எங்களிலும் கூட என்று செய்தியில் பார்த்தோம். சப்பாத்துக்கு ஆணிப்பட்டி மாட்டிக்கொண்டு நடக்கவும்.

ரெலிபோன் இருக்கக் கடிதம் எழுதுகிறேனே என்று யோசிக்க வேண்டாம். போனமுறை நீர் எடுத்தபோது மூன்று பேருமாக அழுதுவிட்டு வைத்தோம். கேட்க நினைத்தது ஒன்றையும் நான் கேட்கவில்லை. எழுத்தில் என்றால் கேட்கலாம்.

விஷயம் தக்சனின் லப்டொப். நீர் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு அங்கே வேலைக்குப் போனபோது எங்களிடம் விட்டுச் சென்றீர் அல்லவா? எங்கள் பிள்ளை போய் ஒன்றேகால் வருஷம் ஆகிவிட்டது. இன்னும் நாங்கள் அதைத் திறக்கவில்லை. மாமி துடைத்துத் துடைத்து வைப்பார், அவ்வளவுதான்.

அவன் பட்மின்டன் பழக்கிய பிள்ளைகளின் பெற்றோர், யூன் தொடக்கத்தில் வரும் பின்ஸ விடுமுறையில் அவன் பெயரில் ஒரு போட்டி வைக்கப்போகிறார்கள். யார் யாரோடு விளையாடுவது என்ற அட்டவணையை நான் செய்து தருவதாக ஒப்புக்கொண்டேன். அவன் விளையாடிக்கொண்டே விழுந்து கண்ணை மூடிய அந்தப் பட்மின்டன் ஹோலுக்குள் போக எனக்குக் கால் வருகுதில்லை. இதையாவது செய்யலாம் என்று நினைத்தேன். பார்த்தால் என்னுடைய பழைய கொம்பியூட்டர் செத்துவிட்டது. புதிது வாங்கப் போனேன். மாமிதான் மறித்தார். “அவன்ர சாமான் சும்மா கிடக்குது. அவன்ர வேலையை அதிலை செய்யுங்கோவன்” என்றார்.

கீழ்வீட்டு யூலியன் ஒரு வழி சொல்கிறார். தக்சனின் விண்டோஸைத் தொடாமல், அதே லப்டொப்பில் பக்கத்திலேயே லினக்ஸ் என்று இன்னொன்றைப் போடலாமாம். திறக்கும்போது எது வேண்டும் என்று அதுவே கேட்குமாம். அவனுடையது அப்படியே இருக்குமாம். உண்மையா பிள்ளை? நீர் அந்தத் துறையில் இருப்பவர். உம்மைக் கேட்காமல் நான் கை வைக்க மாட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடவும்.

அன்புடன்,
மாமா இராசதுரை


துரொண்ட்ஹெய்ம்
27 பிப்ரவரி 2025

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

இந்துஜா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். சளி பிடித்திருந்தது, இப்போது இல்லை. அத்தையை முழங்காலுக்கு டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். சும்மா தைலம் தேய்த்தால் போதாது.

யூலியன் சொன்னது சரிதான். ஒரே டிஸ்க்கில் இடத்தைப் பிரித்து, ஒரு பக்கம் விண்டோஸ், ஒரு பக்கம் லினக்ஸ் வைத்துக்கொள்ளலாம். ஒன்றை ஒன்று தொடாது. உங்களுக்குத் தெரியுமா மாமா, தக்சனும் நானும் பேசிப் பழகியதே அப்படித்தான். படிக்க வந்த புதிதில் என் லேப்டாப்பில் லினக்ஸ் போடத் தெரியாமல் நூலகத்தில் முழித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மேஜையிலிருந்து எழுந்து வந்து, “தள்ளி இருங்கோ, நான் போட்டுத் தாறன்” என்றார். “தாறன்” என்றால் என்ன என்று எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. ஈரோட்டில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

அவர் பக்கத்தைத் திறக்கும் ரகசியப் பின் எண் எனக்குத் தெரியும். தப்பாக நினைக்காதீர்கள், அதை எழுதி அனுப்ப மனம் வரவில்லை. எங்கள் வீடியோக்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. வேறு எங்கும் இல்லை. அப்போது பிரதி எடுக்கத் தோன்றவில்லை, பிறகு பார்க்கத் தைரியம் இல்லை. ஈஸ்டர் விடுமுறைக்கு நான் வருகிறேன். தனியாக ஒரு டிஸ்க் கொண்டு வந்து எல்லாவற்றையும் அதில் பிரதி எடுத்துவிடலாம். அப்புறம் லினக்ஸ் போட்டுத் தருகிறேன். அன்றைக்கு மூன்று பேருமாக உட்கார்ந்து அவர் பக்கத்தைத் திறந்து பார்ப்போம்.

அதுவரை அப்படியே இருக்கட்டும்.

உங்கள்,
இந்துஜா


ஒஸ்லோ
16 மார்ச் 2025

அன்புள்ள மகளுக்கு,

உம்முடைய கடிதம் வந்து சேர்ந்தது. சளி விட்டது சந்தோஷம். மாமியைக் கூட்டிக்கொண்டு டொக்டரிடம் போனேன். நடக்கச் சொல்லியிருக்கிறார். பனியில் எங்கே நடப்பது என்று மாமி அவரையே திருப்பிக் கேட்டார்.

நூலகக் கதையைத் தக்சன் எங்களுக்குச் சொல்லவேயில்லை. மாமிக்கு அதை இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். பின் எண்ணை எழுத வேண்டாம். அது உங்கள் இருவருக்கும் உரியது. நீர் வந்து திறந்தால்தான் முறை.

சின்ன யூ.எஸ்.பி. ஒன்று வாங்கி, யூலியனைக் கொண்டு லினக்ஸை அதில் ஏற்றி வைத்திருக்கிறேன். நீர் வந்தால் வேலை சுருங்கும்.

மாமி ஒன்று கேட்கச் சொல்கிறார். எழுதலாமோ என்று யோசித்தேன், எழுதுகிறேன். “அவன் கதைக்கிற மாதிரி வீடியோ ஏதும் அதிலை இருக்குதோ எண்டு கேளுங்கோ.” எங்களிடம் இருப்பவை எல்லாம் படங்கள். அவனுடைய குரல் இருப்பது ஒரே ஒரு பதிவில், தமிழ்ப் பள்ளிப் பேச்சுப் போட்டி. அப்போது அவனுக்குக் குரல் உடையவில்லை. கீச்சென்று இருக்கும். மாமி அதைப் போட்டுக் கேட்பதில்லை. “இது சின்னப் பிள்ளை, எனக்குப் பெரியவனைக் கேக்க வேணும்” என்கிறார்.

எப்போது வருகிறீர் என்று எழுதினால் ஸ்டேஷனுக்கு வருவேன்.

அன்புடன்,
மாமா


துரொண்ட்ஹெய்ம்
14 ஏப்ரல் 2025

அன்புள்ள மாமா, அத்தை,

இரண்டு பேரும் நலம் என்று நம்புகிறேன். இங்கே பனி உருக ஆரம்பித்துவிட்டது.

முதலில் மன்னிப்பு. ஈஸ்டருக்கு வர முடியாது. வேலையில் ஓர் அவசரம். முன்பே சொல்லியிருக்க வேண்டும், கடைசி வரை வந்துவிடலாம் என்றே இருந்தேன்.

அத்தையின் கேள்விக்குப் பதில், ஆமாம், இருக்கிறது. நிறைய இருக்கின்றன. மலையில் கூடாரம் போட்டுத் தங்கியபோது மழை கொட்டி, கூடாரம் எங்கள் மேலேயே சாய்ந்துவிட்டது. அவர் டார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு, கூடாரம் விற்ற கடைக்காரனைச் சிரித்துச் சிரித்துத் திட்டுவார். அந்த வீடியோதான் எனக்கு எப்போதும் பிடிக்கும்.

போட்டிக்கு நாள் நெருங்குகிறது. எனக்காகக் காத்திருந்தால் உங்கள் வேலை நின்றுபோகும். லினக்ஸை நீங்களே போட்டுவிடலாம் மாமா, கஷ்டமில்லை. யூ.எஸ்.பி.யைச் செருகி, லேப்டாப்பைத் திறக்கும்போது எஃப் பன்னிரண்டு என்ற பொத்தானை அழுத்துங்கள். வரும் பட்டியலில் யூ.எஸ்.பி.யைத் தேர்ந்தெடுங்கள். மொழி, விசைப்பலகை, வைஃபை எல்லாம் கேட்கும். அதன் பிறகு வரும் திரைதான் முக்கியம். “விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு” என்று ஒரு வரி இருக்கும். அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். “டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு” என்றும் இருக்கும், அதைத் தொடவே கூடாது. பக்கத்தில் நிறுவினால் அவருடைய பக்கத்துக்கு ஒன்றும் ஆகாது. நான் எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். பிரதி எடுப்பதை நான் வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

அத்தையிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள்.

இந்துஜா


ஒஸ்லோ
2 மே 2025

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் சுகம். நீர் வராததில் கோபம் ஒன்றும் இல்லை, வேலை என்றால் வேலைதான். மாமி உமக்கென்று பொரித்து வைத்த மிளகாயைப் போத்தலில் அடைத்து வைத்திருக்கிறார்.

நேற்றுப் பகல் லப்டொப்பைத் திறந்தேன். எல்லாம் நீர் எழுதியபடியே நடந்தது. மொழி கேட்டது, விசைப்பலகை கேட்டது. நீர் முக்கியம் என்று சொன்ன திரையும் வந்தது. ஆனால் நீர் சொன்ன வரி அதில் இல்லை. இரண்டே வரிகள். ஒன்று டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு, மற்றது வேறு ஏதாவது. நோர்வேஜிய மொழியில் வைத்ததால் எனக்கு விளங்கவில்லையோ என்று, திரும்பத் தொடங்கி ஆங்கிலத்தில் வைத்துப் பார்த்தேன். அதிலும் அந்த இரண்டுதான். பக்கத்தில் என்ற சொல்லே இல்லை.

அப்படியே நிற்பாட்டிவிட்டேன். யூ.எஸ்.பி.யைக் கழற்றிவிட்டுத் திறந்தால் தக்சனின் திரை வழமைபோல வருகிறது. அவனுடைய பெயரும், நீங்கள் இருவரும் பாலத்தில் நிற்கும் படமும். அதனால் ஒன்றும் கெடவில்லை.

இனி என்ன செய்வது என்று எழுதவும். உமக்கு இரண்டு தரம் ரெலிபோன் எடுத்தேன். குறுஞ்செய்தியில் இதையெல்லாம் விளங்கப்படுத்தத் தெரியாமல், கடிதம் வருகிறது, பார்க்கவும் என்று மட்டும் அனுப்பினேன். யூலியன் ஒரு மாதத்துக்குத் தன்னுடைய ஹித்தைக்கு, அந்த மலை வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே கரண்டும் இல்லை, சிக்னலும் இல்லை. இந்த மாதக் கடைசிக்குள் அட்டவணை கொடுக்க வேண்டும்.

உம்முடைய பதிலைப் பார்த்திருப்பேன்.

மாமா


துரொண்ட்ஹெய்ம்
19 ஜூன் 2025

அன்புள்ள மாமா,

எப்படி இருக்கிறீர்கள்? அத்தை எப்படி இருக்கிறார்கள்?

உங்கள் மே மாதக் கடிதத்தை இன்றுதான் பிரித்தேன். நான் எங்கும் போயிருக்கவில்லை. மேஜை மேலேயேதான் இருந்தது. போனில் உங்கள் பெயரையும் பார்த்தேன். ஏன் என்று இப்போது கேட்காதீர்கள். ஒஸ்லோவிலிருந்து வரும் எதையும் எடுக்கக் கை வரவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடிகிறது.

அந்த வரி இல்லையென்றால் மேலே போகவே போகாதீர்கள். அவருடைய டிஸ்க் பூட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். திருட்டுப் போனால் பிறர் பார்க்கக் கூடாதென்று விண்டோஸே அப்படிப் பூட்டி வைக்கும். பூட்டியிருப்பதால் உள்ளே என்ன இருக்கிறதென்று லினக்ஸுக்குத் தெரியாது, அதனால்தான் பக்கத்தில் என்று கேட்கவில்லை. இதை நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். இதுதான் என் வேலை, மாமா.

அவருடைய பின் எண்ணை இதோடு ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். அதைப் போட்டு உள்ளே போய், அமைப்புகளில் அந்தப் பூட்டை எடுத்துவிட்டால் நான் சொன்ன வரி வரும். ஆனால் அதெல்லாம் பிறகு. முதலில் அத்தையைப் பக்கத்தில் உட்காரவைத்து வீடியோக்களைத் திறங்கள். எனக்காகக் காத்திருக்க வேண்டாம். அத்தை கேட்கட்டும்.

போட்டி முடிந்திருக்கும். நன்றாக நடந்ததா?

இந்துஜா


ஒஸ்லோ
6 யூலை 2025

அன்புள்ள மகளுக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் சுகம். போட்டி நல்லபடி நடந்தது. நிறையப் பிள்ளைகள் வந்தார்கள். அட்டவணையில் பிழை இல்லை என்று சொன்னார்கள்.

மற்ற விஷயம், நீர் வரும்போது பார்ப்போம். அவசரம் இல்லை.

வெயிலில் அலைய வேண்டாம்.

மாமா


துரொண்ட்ஹெய்ம்
24 ஆகஸ்ட் 2025

அன்புள்ள மாமா, அத்தை,

நலம். நீங்களும் நலம்தானே? மாமாவின் சின்னக் கடிதத்தைப் படித்ததும் மனசு ஒரு மாதிரி இருந்தது. நான் அனுப்பிய எண் கையில் இருந்தும் எனக்காகத் திறக்காமல் வைத்திருக்கிறீர்கள். வேறு யாராவது இப்படிக் காத்திருப்பார்களா?

செப்டம்பர் கடைசி சனிக்கிழமை வருகிறேன். இந்தத் தடவை நிச்சயம். டிஸ்க் வாங்கிவிட்டேன். கூடாரம் சாய்ந்த வீடியோவை முதலில் போடலாம் அத்தை. அதில் அவர் குரல் தெளிவாக இருக்கும்.

உங்களிடம் நேரில் சொல்ல வேண்டிய விஷயம் ஒன்றும் இருக்கிறது. அதை அவருடைய பக்கத்தைப் பார்த்து முடித்த பிறகு சொல்கிறேன்.

இந்துஜா


ஒஸ்லோ
12 செப்டெம்பர் 2025

அன்புள்ள மகளுக்கு,

சுகமாக இருக்கிறீர் என்று அறிந்தோம். இங்கே குளியலறையை உடைத்துத் திருத்துகிறார்கள். வீடு முழுக்கத் தூசி. மாமி ஸ்தவாங்கரில் தங்கச்சி வீட்டில் போய் இருக்கலாம் என்று சொல்கிறார். ஆகையால் இந்த மாதம் நீர் வருவது சரிவராது. அடுத்த மாதமும் எப்படியென்று தெரியாது. புது வருஷம் பிறக்கட்டும், பார்ப்போம்.

சொல்ல வேண்டியதைக் கடிதத்திலும் சொல்லலாம்.

மாமா


துரொண்ட்ஹெய்ம்
5 அக்டோபர் 2025

அன்புள்ள மாமா, அத்தை,

உங்கள் உடம்பு நலம்தானே என்று கேட்டுத்தான் தொடங்குகிறேன். பதில் எழுதுவீர்களா என்று தெரியவில்லை.

உங்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்று புரிகிறது. குளியலறை ஒரு சாக்கு. கோபப்பட உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஆனால் என் வாயால் கேட்டுவிட்டுக் கோபப்பட்டிருக்கலாம்.

அவர் பெயர் சாய். என்னோடு வேலை செய்கிறார், விஜயவாடாக்காரர். வரும் வசந்தத்தில் பதிவுத் திருமணம் செய்துகொள்ளப் போகிறோம். அவருடைய அக்கா உங்களுக்குப் பக்கத்து ஊரான ஸ்ட்ரோம்மனில் இருக்கிறார். ஈஸ்டர் விடுமுறையில் அங்கே போயிருந்தோம். கடைத்தெருவில் யாரோ பார்த்து உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆமாம், உங்களிடம் வேலை அவசரம் என்று எழுதிவிட்டு அங்கேதான் இருந்தேன். உங்கள் வீடு ரயிலில் பக்கம் என்பது எனக்குத் தெரியாதா? இரண்டு தடவை ஸ்டேஷன் வரைக்கும் வந்து திரும்பிப் போனேன். சாயோடு சிரித்துப் பேசிவிட்டு, அதே முகத்தோடு வந்து தக்சனின் பக்கத்தை உங்கள் முன்னால் எப்படித் திறப்பேன்? அதற்குப் பிறகு உங்கள் கடிதத்தையும் பிரிக்க முடியவில்லை.

நான் தக்சனை மறக்கவில்லை. இதற்கு மேல் எப்படி எழுதுவதென்று தெரியவில்லை.

அந்த வீடியோக்களை நீங்களாவது பாருங்கள். முடிந்தால் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். அதைக் கேட்கும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று தெரியாது. ஆனாலும் கேட்கிறேன்.

இந்துஜா


ஒஸ்லோ
14 ஒக்ரோபர் 2025

அன்புள்ள பிள்ளை இந்துஜாவுக்கு,

மாமி எழுதுகிறேன். நீர் அத்தை என்பீர், நான் மாமி என்பேன், ஆள் ஒன்றுதான். உமக்கு நான் எழுதுவது இதுதான் முதல்தரம். மாமா எழுத மாட்டார். அவருக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன். என்னுடைய கால் பரவாயில்லை. அவர்தான் சாப்பாடு குறைத்து மெலிந்துபோனார்.

எங்களுக்கு உம்மைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. சாய் என்ற பெயரையே உம்முடைய கடிதத்தில்தான் அறிந்தோம். நீர் வர வேண்டாம் என்று மாமா எழுதியது வேறு காரியத்துக்கு.

தக்சனின் பக்கம் இல்லை, பிள்ளை. அழிந்துபோய்விட்டது.

மே மாதம் முழுக்க அவர் தபால் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தார். பிள்ளைகளின் பெற்றோர் அட்டவணை எங்கே என்று கேட்கத் தொடங்கினார்கள். கடைசியில் ஒருநாள் அந்த யூ.எஸ்.பி.யைப் போட்டுக்கொண்டு இருந்தார். அழிப்பது என்ற வரியைத் தெரிவுசெய்தால் உடனே அழிக்காது, இன்னொருக்கால் கேட்கும், அடுத்த பக்கத்தில் உம்முடைய வரி வரும், வராவிட்டால் திரும்பிப் போகலாம் என்று நினைத்தாராம். அது கேட்டதுதான். கேட்ட விதம் இவருக்கு விளங்கவில்லை. தொடரவா என்றது, ஓம் என்று அமத்திவிட்டார். முடிந்து திறந்தபோது எது வேண்டும் என்று அது கேட்கவேயில்லை. நேரே புதியதற்குள் போனது. உங்கள் படம் வரவில்லை.

எனக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஸ்ட்ரோம்மனில் ஒரு கடைக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். பூட்டியிருந்ததை அழித்தால் இனி எடுக்க ஏலாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அதன் பிறகு அதே லப்டொப்பில் இருந்து அந்த அட்டவணையைச் செய்து முடித்தார். நான் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார். பிள்ளையின் நினைப்பாக்கும் என்று நான் வந்துவிட்டேன்.

உம்முடைய யூன் கடிதம் பின் எண்ணோடு வந்தது. நான்தான் பெட்டியில் இருந்து எடுத்தேன். வாசித்துவிட்டு, முகம் கழுவி, நல்ல சீலை ஒன்று உடுத்திக்கொண்டு போய் அவர் பக்கத்தில் இருந்தேன். “திறவுங்கோ, பிள்ளை நம்பர் எழுதியிருக்கிறா” என்றேன். “அது இல்லை” என்றார். “எது இல்லை?” என்று கேட்டேன். “அவன் இல்லை” என்றார். அப்போதுதான் எனக்குச் சொன்னார்.

நான் அவரோடு பல நாள் கதைக்கவில்லை. அதற்காக இப்போது கவலைப்படுகிறேன். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. உமக்குச் சொல்லச் சொல்லிக் கேட்டேன். “அந்தப் பிள்ளையின்ரை முகத்தை நான் எப்பிடிப் பார்க்கிறது” என்றார்.

சாய் விஷயம். வாசித்த அன்று அடுப்பை நிற்பாட்டிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன், ஒளிக்காமல் சொல்கிறேன். பிறகு யோசித்தேன். நீர் தனியாக இருந்து கிழவி ஆக வேண்டும் என்று நான் எந்தக் கோவிலில் நேர்ந்தேன்? ஸ்டேஷன் மட்டும் வந்துவிட்டு வீட்டுக்கு வராமல் போனீரே, அதுதான் நோகிறது. சாயால் நோகவில்லை.

வாரும். குளியலறை திருத்தி முடிந்துவிட்டது.

மாமி மங்களேஸ்வரி


துரொண்ட்ஹெய்ம்
9 நவம்பர் 2025

அன்புள்ள அத்தை, மாமா,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கட்டித் தந்த இடியப்பத்தை ரயிலிலேயே சாப்பிட்டேன். அத்தையின் கால், மாமாவின் சாப்பாடு, இரண்டையும் ஒருவருக்கொருவர் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டில் சொல்ல வராததை இங்கே வந்து எழுதுகிறேன்.

கதவைத் திறந்ததும், நான் ஷூவைக்கூடக் கழற்றவில்லை, மாமா அங்கேயே நின்று, “பிள்ளை, நான் அதை அழிச்சுப்போட்டன்” என்றார். அந்த ஒரு வரியை எத்தனை மாதம் சொல்லிப் பார்த்திருப்பாரோ. நான், “முதல் கடிதத்திலேயே நம்பரை எழுதியிருந்தா இது நடந்திருக்காது மாமா” என்றேன். அவர், “நான் இன்னும் கொஞ்ச நாள் பார்த்திருக்கலாம்” என்றார். “பார்த்திருந்தாலும் அந்தக் கடிதத்தை நான் பிரிச்சிருக்க மாட்டேன்” என்றேன். அத்தைதான் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து, “ரெண்டு பேரும் உள்ளை வாங்கோ, குளிர் வருகுது” என்று கதவைச் சாத்தினார்கள்.

சாயைப் பற்றி நீங்கள் கேட்டீர்கள். மரக்கறி மட்டும்தானா, அம்மா அப்பா இருக்கிறார்களா, தமிழ் விளங்குமா என்று மாமா ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒரு மகளைக் கேட்பதுபோல்தான் கேட்டார். தக்சனின் தட்டில் அத்தை போட்ட சோற்றை, மாமா கேட்கக் கேட்க நான் எப்படி விழுங்கினேன் என்று எனக்கே தெரியாது.

சாப்பிட்டு முடித்த பிறகு நீங்கள் கேட்டீர்கள் அத்தை. “வீடியோ போனால் போகட்டும். நீர் பார்த்தனீர்தானே. கூடாரம் சாய்ஞ்ச நேரம் அவன் என்ன சொல்லித் திட்டினவன்? அவன் சொன்ன மாதிரிச் சொல்லும்.”

நான் வாயைத் திறந்தேன். கடைக்காரனைத் திட்டினார் என்பது தெரியும். என்ன வார்த்தை என்று தெரியவில்லை. உங்கள் தமிழில் திட்டினாரா, நோர்வேஜிய மொழியிலா, அதுகூட நிச்சயமில்லை. ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். நீங்கள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். முடியவில்லை. “தெரியல அத்தை” என்றேன்.

மாமா எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார். நீங்கள், “சரி. தெரியாததைத் தெரியாது எண்டு சொன்னீர். இட்டுக்கட்டியிருந்தால் நான் நம்பியிருப்பன்” என்று சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். எத்தனையோ தடவை பார்த்த வீடியோ அது, அத்தை. எப்போது வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம் என்று நினைத்து, மனசில் எதையும் எடுத்து வைத்துக்கொள்ளவில்லை.

திரும்பும் வழி முழுக்க ரயிலில் கண்ணை மூடிக்கொண்டு அதையே ஓட்டிப் பார்த்தேன். கூடாரத் துணி மேல் மழை விழும் சத்தம் கேட்கிறது. டார்ச் வெளிச்சம் ஆடுவது தெரிகிறது. அவர் முகம் ஈரமாக இருக்கிறது, வாய் அசைகிறது. இன்று காலையும் முயன்று பார்த்தேன். மழைச் சத்தம் மட்டும்தான் வருகிறது.

உங்கள் மகள்,
இந்துஜா